‘ஆட்கள் தேவை’: வானகரம் சாலையின் வேலை வரலாறு

அம்பத்தூர் வட்டாரத்துப் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களைக் கேட்டாலே இந்தப் பகுதியின் பிழைப்பு என்னவென்று தெரிந்துவிடும். டன்லப், டி.ஐ. சைக்கிள், பிரிட்டானியா, லூகாஸ், வாவின். கோயில் பெயரும் தலைவர் பெயரும் ஊருக்குள்தான். மெயின் ரோட்டில் கம்பெனிப் பெயர்தான். இவற்றில் டன்லப்பில் டயர் செய்வது எப்போதோ நின்றுவிட்டது. கண்டக்டர் மட்டும் இன்னமும் “டன்லப்பெல்லாம் எறங்கு” என்கிறார்.

இந்த நிறுத்தங்களுக்குத் தெற்கே, கூவம் ஆற்றை ஒட்டி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது வானகரம். பெரிய தொழிற்சாலை எதற்கும் பெயர்போன ஊர் அல்ல. ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கடக்காமல் போக முடியாது. வடக்கே அயனம்பாக்கம், அத்திப்பட்டு வழியாக அம்பத்தூருக்கு ஒரு சாலை. மேற்கே நெடுஞ்சாலை பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகிறது. கிழக்கே கோயம்பேடு. எழுபது ஆண்டுகளில் சென்னையின் மேற்குப் புறநகரில் ஒருவர் வேலை தேடிய விதம் எப்படியெல்லாம் மாறியது என்று பார்க்க இதைவிடத் தோதான ஊர் கிடையாது.

கதை வடக்கிலிருந்துதான் தொடங்குகிறது. முருகப்பா குடும்பத்தினர் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஆலையை அமைத்தார்கள். ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அங்கிருந்து வந்த வண்டிகள். 1955 ஜனவரியில் ஆவடியில் யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். தீர்மானங்கள் காகிதத்தோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். ஆவடிக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே ஓடியது. ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் அதே ஆவடியில் வந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று டி.வி.எஸ். குடும்பத்துக் கம்பெனிகள் 1960-களின் தொடக்கத்தில் வரிசையாக எழுந்தன.

பெரிய கம்பெனி வந்தால் அதற்குச் சில்லறைப் பாகம் செய்து கொடுக்கப் பட்டறைகள் வேண்டும். அப்போது மாநிலத் தொழில்துறை அமைச்சராக இருந்தவர் ஆர். வெங்கட்ராமன், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். 1958-ல் கிண்டியில் தொழிற்பேட்டை, அடுத்து 1964-ல் அம்பத்தூரில். ஏரியும் வயலுமாக இருந்த 1,000 ஏக்கருக்கு மேலான நிலத்தில் மனை பிரித்து, சாலை போட்டு, கொட்டகை கட்டிச் சிறுதொழில் செய்வோருக்குக் கொடுத்தார்கள். 1970-ல் மாநிலச் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ பிறந்தபின் நிர்வாகம் அதன் கைக்குப் போனது. இன்று எஸ்டேட் என்று சொன்னால் அம்பத்தூரில் வேறு அர்த்தமே கிடையாது.

ஆலைகள் வந்தன, சரி. அதற்குள் ஒருவர் நுழைந்தது எப்படி?

அரசாங்கம் சொன்ன வழி வேலைவாய்ப்பு அலுவலகம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்களுக்கு வேலை தேடித் தர 1945-ல் ஏற்படுத்திய அமைப்பு அது. பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கும், 1948-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. அன்றிலிருந்து பத்தாவது, பதினோராவது ரிசல்ட் வந்த கையோடு எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு வருவது தமிழ்நாட்டில் ஒரு சடங்காகவே ஆனது. மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் சீனியாரிட்டி போய்விடும். அந்த அட்டையைப் பத்திரப்படுத்தாத வீடு கிடையாது.

1959-ல் வந்த சட்டம், காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்றது. ஆனால் தனியார் துறையில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது பொருந்தியது. அறிவித்தால் போதும், அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்திலேயே கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டின் பட்டறைகளில் பலவற்றில் முதலாளியையும் வாட்ச்மேனையும் சேர்த்து எண்ணினாலும் 25 வராது. ஆக, கூப்பிடு தூரத்தில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஆள் தேடிக்கொண்டிருக்க, அட்டையை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை நேர்காணலுக்குக் கூப்பிடும் ‘கார்டு வரும்’ என்று காத்திருந்தது. இந்த வட்டாரத்தின் வேலை வரலாற்றில் மிகப் பெரிய விரயம் இதுதான்.

காத்திருந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆவடி டாங்கித் தொழிற்சாலை போன்ற மத்திய அரசு இடங்களுக்கு ஆள் எடுத்தது பெரும்பாலும் அந்தப் பதிவேட்டின் வழியாகத்தான். அங்கே வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வரை போகும் ரயில் என்று வாழ்க்கையே ஒழுங்காகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனி கேட்டில் சொந்தக்காரரோ தெரிந்தவரோ சொன்னால்தான் உள்ளே விடுவார்கள் என்ற காலத்தில், சிபாரிசு செய்ய யாரும் இல்லாதவருக்கு, முக்கியமாகத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதிகளில் பிறந்தவருக்கு, பதிவு எண்ணும் இட ஒதுக்கீடும்தான் கதவு. ‘சும்மா கார்டை நம்பி உட்கார்ந்திருந்தான்’ என்று ஒரு தலைமுறையைக் கேலி செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

1996-ல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்புகிறவர்களை மட்டும் பார்த்தால் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து விண்ணப்பிக்கும் எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. அட்டையின் மவுசு அத்தோடு இறங்கியது. பதிந்து ஐந்தாண்டு வேலை கிடைக்காதவர்களுக்கு மாநில அரசு கொடுத்த உதவித்தொகை, பத்தாவது தேறியவருக்கு மாதம் 300 ரூபாயும் பட்டதாரிக்கு 600 ரூபாயும். ஊரில் அதை வேலை என்று யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த அலுவலகத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அங்கே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் இலவச வகுப்பில் படித்து டி.என்.பி.எஸ்.சி. தேறியவர்கள் உண்டு. தனியார் கம்பெனிகள் வரும் வேலைவாய்ப்பு முகாமையும் அதுதான் நடத்துகிறது. வரிசையில் நிற்கும் இடம் என்பது போய், படிக்கவும் விசாரிக்கவும் போகும் இடமாக அதைப் பயன்படுத்துகிறவருக்கு இன்றும் லாபம்தான்.

எஸ்டேட் தனக்கென்று ஒரு முறையை வைத்திருந்தது: கேட்டில் தொங்கும் போர்டு. கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால், பிறகு தகரத்தில் பெயிண்டால், பிறகு ஃப்ளெக்ஸில். “ஆட்கள் தேவை: டர்னர், ஃபிட்டர், மில்லிங், ஹெல்பர்.” பட்டறவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு ஒரு தெரு விடாமல் நடப்பதுதான் வேலை தேடுவது. முதல் நாள் வாட்ச்மேன் விரட்டுவார், மறுவாரம் அதே வாட்ச்மேன் “பக்கத்துல புது மெஷின் எறங்கியிருக்கு, போய்க் கேளு” என்பார். காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் சூப்பர்வைசர் பரபரப்பில் இருப்பார், அப்போது கேட்டால் காரியம் ஆகாது. டீ நேரத்தில் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் நடந்து நடந்து தெரிந்துகொண்ட பாடம்.

உள்ளே கூப்பிட்டால் பேட்டி என்று பெரிதாக எதுவும் இருக்காது. ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து “இதுல டாலரன்ஸ் எவ்வளவு?” என்பார்கள். வெர்னியரையோ மைக்ரோமீட்டரையோ கொடுத்து ஒரு புஷ்ஷை அளக்கச் சொல்வார்கள். பிறகு லேத்தில் நிறுத்தி ஒரு கட் எடுக்கச் சொல்வார்கள். டிரேட் டெஸ்ட் அவ்வளவுதான். சான்றிதழை எல்லாம் முடிந்தபிறகுதான் புரட்டுவார்கள். எம்.பி.ஏ. கூட்டம் இன்று ‘ஸ்கில் அசெஸ்மெண்ட்’ என்று அரை நாள் நடத்துவதைப் பட்டறை மேஸ்திரி பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவருக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. செய்து காட்ட ஒன்று கைவசம் இருந்தால் பேச்சு குறையும்.

கையைப் பழக்கியது எது? ஐ.டி.ஐ. ஒன்று, அப்ரென்டிஸ் இன்னொன்று. நாடு முழுதும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ல் தொடங்கியது. அம்பத்தூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. முருகப்பா குடும்பத்தினர் ஆவடி சத்தியமூர்த்தி நகரில் 1957-ல் பாலிடெக்னிக் தொடங்கினார்கள். 1961-ல் வந்த தொழில் பழகுநர் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்து உதவித்தொகை கொடுத்துச் சொல்லித் தர வேண்டும் என்றது. பழகி முடித்தவரை வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் ஏமாந்து போனோம் என்றவர்கள் பலர். ஆனால் பாடியில் ஒரு பெரிய கம்பெனியில் அப்ரென்டிஸ் முடித்தவர் எஸ்டேட்டில் எந்தக் கேட்டிலும் நிமிர்ந்து நிற்கலாம். அந்தச் சான்றிதழுக்கு அவ்வளவு மதிப்பு.

இங்கே ஒரு விசித்திரமான ஏணி இருந்தது. பெரிய கம்பெனியில் பெர்மனென்ட் ஆவதுதான் எல்லோருக்கும் கனவு. டி.வி.எஸ்.ஸில் பெர்மனென்ட் என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். ஆனால் தொழிலை முழுசாகக் கற்றது சின்னப் பட்டறையில் இருந்தவர்தான். பெரிய ஆலையில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒரே மெஷினில் ஒரே துளையைப் போடுவார். பத்துப் பேர் பட்டறையில் இருப்பவர் காலையில் லேத், மதியம் மில்லிங், சாயங்காலம் டெலிவரி சலான் எழுதுவது, ஆடிட்டர் வரும் நாளில் அவருக்குக் காபி வாங்கி வருவது வரை பார்ப்பார். ஓரிரு ஆண்டில் வாடிக்கையாளர் யார், ஜாப் ஒர்க்குக்கு என்ன ரேட், எந்த மெட்டீரியல் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. 1955-ல் அமைந்த தேசிய சிறுதொழில் கழகம் தவணை முறையில் மெஷின் கொடுத்தது. இப்படிப் பழகிய சிலர் ஒரு பழைய லேத்தோடு வாடகைக் கொட்டகையில் தாங்களே முதலாளி ஆனார்கள். எஸ்டேட்டின் முதலாளிகளில் கையில் எண்ணெய்க் கறை படிந்தவர்கள் இருப்பது இதனால்தான்.

மனத்துக்கு நிறைவான வேலை எது என்று கேட்டால் பழைய ஆட்கள் டூல் ரூமைத்தான் கைகாட்டுவார்கள். உற்பத்திப் பிரிவில் எண்ணிக்கைக்கு ஓட வேண்டும். டூல் ரூமில் ஒரு டையைச் செதுக்கி, பொருத்தி, மைக்ரான் கணக்கில் சரிபார்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகலாம். அது சரியாக உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கான பாகங்கள் அதிலிருந்து பிறக்கும். சம்பளம் கொஞ்சம் கூடுதல், மரியாதை ரொம்பவே கூடுதல். அதைவிட முக்கியம், எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அவர் கையில்.

இந்த வேலைகளைப் பற்றிய சேதி காதுக்கு வந்தது எப்படி? சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறிய ஆண்களிடம் எப்படி அந்த வேலை கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலம் என்றார்கள். அப்படித் தெரிந்தவர் மூலம் பெற்றவர்களில், அடிக்கடி சந்திக்கும் நெருக்கமானவர் சொல்லிக் கிடைத்தது ஆறில் ஒருவருக்கு மட்டுமே. மற்றவர்களுக்குச் சொன்னது எப்போதாவது பார்க்கும் முகங்கள். நமக்கு நெருக்கமானவருக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் நமக்கே தெரிந்திருக்கும், தள்ளி இருப்பவர்தான் புதுச் சேதி கொண்டுவருவார் என்பது அவர் கண்டது. எஸ்டேட்டின் டீக்கடைகளில் இது ஆராய்ச்சி இல்லாமலே நடந்தது. எந்தக் கம்பெனிக்குப் புது ஆர்டர், எங்கே ஓ.டி. ஓடுகிறது, எந்த முதலாளி சம்பளத்தை இழுக்கிறார் என்பதெல்லாம் அங்கே வரும். பெண்கள் அந்த டீக்கடையில் நிற்க முடியாது. அவர்களுக்கு எஸ்டேட்டின் ஏற்றுமதி ஆடைக் கம்பெனிகளின் சேதி ஷேர் ஆட்டோவிலும், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்திலும்தான் கிடைத்தது.

தாராளமயம் வந்த 1991-க்குப் பிறகு ஆட்டம் மாறியது. கார் கம்பெனிகள் வந்தன. 1998-ல் ஹுண்டாயின் சான்ட்ரோ இதே நெடுஞ்சாலையில் மேற்கே, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே உருண்டது. அதே ஆண்டு சுந்தரம் கிளேட்டனின் பாடிப் பிரிவு தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. பெரியவர் தரம் கேட்டால் அவருக்குப் பாகம் கொடுக்கும் சின்னவரும் தரம் காட்டியாக வேண்டும். கைப்பிடி சுழற்றும் லேத் ஓரத்துக்குப் போய், கணினியால் இயங்கும் சி.என்.சி. மெஷின் வந்தது. லேத்தில் இருபதாண்டு நின்றவர் புரோகிராம் எழுதத் தெரியாமல் தவித்தார். ஷிஃப்ட் முடிந்தபிறகு ஃபானக் கன்ட்ரோல் படித்துக்கொண்டவர் இரட்டைச் சம்பளத்துக்குத் தாவினார். பழைய லேத் ஆளுக்கு உலோகம் எப்படி வெட்டுப்படும் என்று காதாலேயே தெரியும். அந்த அறிவோடு புது மெஷினும் படித்தவரை இன்றும் கம்பெனிகள் தேடித் தேடி எடுக்கின்றன. எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கத்தை ஏ.ஐ.இ.எம்.ஏ. என்றால் தெரியாது, ‘எய்மா’ என்றால்தான் ஊரில் புரியும். அது நந்தம்பாக்கத்தில் நடத்தும் ‘ஆக்மி’ இயந்திரக் கண்காட்சிக்குப் போய்வந்தால் அடுத்து எந்த மெஷின் வரப்போகிறது என்று தெரிந்துவிடும். வேலை தேடுகிறவர்களில் அங்கே போகிறவர்கள் குறைவு. போக வேண்டிய இடம்.

பெர்மனென்ட் என்ற சொல் தேயத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். கேஷுவல், கான்ட்ராக்ட், ‘டிரெய்னி’ என்று பெயர்கள் பெருகின. பெரிய ஆலையின் சீருடையைப் போட்டுக்கொண்டு, சம்பளம் வேறு ஏஜென்சியிடம் வாங்கும் இளைஞர்கள் கூட்டம் உருவானது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆயிரக்கணக்கானோருக்கு முதல் வேலை கொடுத்தது. விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகள் நெடுஞ்சாலையை நிறைத்தன. 2014 நவம்பரில் ஆலை நின்றது. இருபது வயதில் சேர்ந்து, ஒரே லைனில் ஒரே வேலையைப் பார்த்து, முப்பதுக்குள் வெளியே வந்தவர்கள் கையில் எட்டாண்டு அனுபவம் இருந்தது. அதை வேறு எங்கும் காட்ட முடியவில்லை. பின்னர் அந்த வளாகத்தை சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்யத் தொடங்கியபோது புதிய, இளைய கைகளே போதுமாக இருந்தன. நோக்கியாவின் உள்ளேயே பராமரிப்புக்கும் தரச் சோதனைக்கும் மாறிக்கொண்டவர்களுக்கு வெளியே வந்ததும் இடம் கிடைப்பது சுலபமாக இருந்தது.

எஸ்டேட்டின் உள்ளும் பட்டறைகள் இருந்த மனைகளில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. எச்.சி.எல். வந்தது, பி.பி.ஓ.க்கள் வந்தன. 2008-ல் தொடங்கிய மின்வெட்டு சின்னப் பட்டறைகளை நொறுக்கியது. 2015 டிசம்பர் வெள்ளம் மெஷின்களில் சேற்றை அப்பியது. நிலத்தை விற்றால் வரும் காசு பத்தாண்டு லேத் ஓட்டினாலும் வராது என்று கணக்குப் போட்ட முதலாளிகள் இருந்தார்கள். அப்பா ஃபிட்டராக இருந்த அதே தெருவில் மகள் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு போனாள்.

வானகரமோ வேறு வகையில் வளர்ந்தது. பெருங்களத்தூரிலிருந்து மாதவரம் வரை போகும் பைபாஸ் ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை வெட்டியபின் கிடங்குகள் வந்தன, மொத்த மீன் சந்தை வந்தது, அப்போலோ மருத்துவமனை வந்தது, நெடுஞ்சாலை நெடுகக் கல்யாண மண்டபங்கள் வந்தன. 2022 ஜூலையில் அ.தி.மு.க. பொதுக்குழு கூடியது இங்கத்து மண்டபம் ஒன்றில்தான். அரசியல்வாதிகள் வந்து போனது செய்தியானது. அந்த மண்டபங்களில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பந்தி பரிமாறிக் கல்லூரிக் கட்டணம் கட்டும் பையன்கள் செய்தியாவதில்லை. மருத்துவமனையில் நர்ஸ் உண்டு, லேப் டெக்னீஷியன் உண்டு, பில்லிங் உண்டு, லிஃப்ட் பராமரிப்பு உண்டு. வேலை என்றால் எஸ்டேட் என்றிருந்த ஊருக்கு இது புது ஏணி.

ஏமாற்றும் கூடவே வளர்ந்தது. மின்சார ரயில் பெட்டிகளிலும் மேம்பாலத் தூண்களிலும் ஒட்டியிருக்கும் “உடனடி வேலை” ஸ்டிக்கரில் கம்பெனிப் பெயர் இருக்காது, போன் நம்பர் மட்டும் இருக்கும். போனால் பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் கட்டணம் என்பார்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் ‘ஆர்டர் வாங்கித் தருகிறேன்’ என்று லட்சக்கணக்கில் சுருட்டுகிறவர்களைப் பற்றிய போலீஸ் வழக்குகளுக்கு முடிவே இல்லை. வேலை கொடுப்பவர் காசு கேட்க மாட்டார் என்ற ஒரு விதியை வைத்தே இவற்றில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம். டாங்கித் தொழிற்சாலை 2021 அக்டோபரிலிருந்து ஏ.வி.என்.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. ஆள் எடுப்பது அதன் இணையதள அறிவிப்பின் மூலம்தான்.

சேர்ந்தபிறகு பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டு. பி.எஃப். பிடித்தம் செய்கிறார்கள், கணக்கில் கட்டுகிறார்களா? 2014-லிருந்து ஒருவருக்கு ஒரே பி.எஃப். எண்ணாக யு.ஏ.என். வந்துவிட்டதால் செல்போனிலேயே பார்த்துவிடலாம். கட்டவில்லை என்றால் இந்த வட்டாரத்துக்கென்றே பி.எஃப். அமைப்பின் அம்பத்தூர் மண்டல அலுவலகம் இருக்கிறது. ஏஜென்சி மாறும்போதெல்லாம் புது எண் வாங்காமல் பழைய எண்ணையே கொடுத்தால், எத்தனை கான்ட்ராக்ட் மாறினாலும் அனுபவம் தொடர்ச்சியாகப் பதிவாகும்.

இப்போது எஸ்டேட் கேட்டுகளில் தொங்கும் ஃப்ளெக்ஸில் வாட்ஸ்அப் எண் இருக்கிறது. ‘சி.என்.சி. ஆபரேட்டர், வி.எம்.சி. செட்டர், குவாலிட்டி, ரூம் வசதி உண்டு’ என்ற வரிகள் தமிழிலும் இந்தியிலும் இருக்கின்றன, ஏனென்றால் கேட்டில் வந்து நிற்பவர் இன்று பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பையனாக இருக்கலாம். போன் செய்தால் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி எந்த மெஷினில் கை வைத்திருக்கிறாய் என்பது. இரண்டாவது, நாளைக்குக் காலையில் வர முடியுமா என்பது.